ராசாத்திக்கு எடுத்த கோடி

பகல் பன்னிரண்டு மணி. சித்திரை மாதம். பரளச்சியை விட்டு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போகிற வண்டிப்பாதை.

நடுராத்திரி என்று ஆரம்பிப்பேன் என நினைத்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் ராத்திரிக்கு ஆள் உண்டு. நாய் குரைக்கும்... யாராவது இருமுவார்கள்... காவலுக்குப் படுத்திருப்பவன் பீடி பற்ற வைப்பான். உச்சிவெயிலில்தான் யாரும் இல்லை. கரிசல் காடு வாய் பிளந்து கிடக்கும். காக்கா கத்தாது. சீமைக்கருவேல மரத்தின் நிழல் அதன் காலுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். நம் செருப்புச் சத்தம் நமக்குப் பின்னால் கேட்கும்.

அந்தப் பாதையில் பால்ச்சாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். முள் குத்தி டயரில் காற்று இல்லை. பின்னால் கேரியரில் சேலை மூட்டை. சக்கரம் சுற்றச் சுற்ற எங்கோ ஒரு கம்பி உரசியது. டிக்... டிக்... டிக்...

திடீரென்று குளிர்ந்தது.

மரத்தடிக் குளிர்ச்சி இல்லை. முதலில் காது மடல் மரத்தது. பிறகு பல் கூசியது. வெயிலில் கொதிக்க வேண்டிய கைப்பிடி இரும்பு, தொட்ட விரலைப் பிடித்து இழுத்தது. மழையில் நனைந்த ஆட்டுக் கிடை மாதிரி ஒரு வாசனை. அதோடு, அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை.

நிமிர்ந்து பார்த்தார்.

முன்னால் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள்.

முதுகு மட்டும்தான். வெள்ளையாய், மெல்லியதாய், தரை வரை ஓர் உள்ளுடை. வேறு துணி இல்லை. இரண்டு கைகளாலும் தன்னைக் கட்டிப் பிடித்திருந்தாள். குளிருக்கு அல்ல. ஆள் வருகிற பாதையில் மேல்துணி இல்லாமல் மாட்டிக்கொண்ட பெண் எப்படி நிற்பாளோ, அப்படி. உடையின் ஓரம் தரையில் இழுபட்டது. சர்ர்... சர்ர்... அது இழுபட்ட இடமெல்லாம் புழுதி ஈரமாகிக் கறுத்தது.

பால்ச்சாமிக்கு முதலில் பயம் வரவில்லை. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். முதலில் வந்தது வெட்கம். ஏனென்றால், அவளுக்குச் சேர வேண்டிய துணி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. நம்மோடு இருக்கிற காசிராஜன் இன்றைக்கு ஊருக்குப் போயிருக்கிறான், அதனால்தான் சொல்கிறேன். பால்ச்சாமி, அவனுடைய பெரியப்பா மனைவி குருவம்மாளுக்கு அண்ணன். அந்த வீட்டில் இந்தக் கதையை யாரும் பேசுவதில்லை. பேய்க்குப் பயந்து அல்ல... மானத்துக்குப் பயந்து.

எண்பத்திரண்டாம் வருஷம். பால்ச்சாமி அருப்புக்கோட்டையில் சேலை எடுத்து, மூட்டை கட்டி, சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விற்பார். அப்பா அம்மா இல்லை. ஒரே தங்கச்சியைத் திருச்சுழியில் பெரிய பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். தான் மட்டும் ஒற்றை அறையில் பொங்கித் தின்றுகொண்டு, சாயங்காலமானால் புத்தகம் படிப்பார். அப்போதெல்லாம் மதுரையிலிருந்து ஒரு வேனில் ருஷ்யப் புத்தகங்கள் வரும். தமிழில்தான். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், நம்ப முடியாத குறைந்த விலை. அந்தப் பசை வாசனை எனக்கும் தெரியும். படித்துவிட்டு வெளியே வந்தால் நம் ஊர் வெயில்தான் பொய் மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு புத்தகத்தில் வந்தவள்தான் அந்த ராஜகுமாரி.

மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ராஜ்யம். அதன் ராஜாவுக்குக் கடைசி மகள். பதினேழு வயதில் ருஷ்யப் பிரபு ஒருவருக்குப் பேசி முடித்தார்கள். ராஜா மகள் என்று பேர்தான். அந்தப் பிரபுவின் குதிரை லாயம், அவள் அப்பாவின் அரண்மனையைவிடப் பெரியது. நாட்டின் எல்லையில் ஒரு மர வீடு கட்டியிருந்தார்கள். அதன் ஒரு வாசல் வழியாக அவள் பிறந்த நாட்டு உடையோடு உள்ளே போக வேண்டும். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, புகுந்த வீட்டார் கொண்டுவந்ததைப் போட்டுக்கொண்டு மறு வாசல் வழியாக வெளியே வர வேண்டும். பிறந்த வீட்டுத் துணி ஒரு நூல்கூட உடம்பில் தங்கக்கூடாது. பிறகு அவளுடைய மதத்தை மாற்றினார்கள். பெயரையும் மாற்றினார்கள்.

இதை மனசுக்குள்ளேயே வைத்திருக்கப் பால்ச்சாமியால் முடியவில்லை. பரளச்சியில் ஊருணிக்கரை வேப்பமரத்தடியில் சேலை விரிப்பார். பருத்தி எடுத்துவிட்டு வருகிற பெண்கள் சுற்றி உட்காருவார்கள். அவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். வாரம் ஒரு துண்டு.

முதல் நாளே பெயரில் தகராறு. தங்கத்தாய் என்று ஒரு பெரிய மனுஷி. அவள் கையை வீசினாள்.

"அந்தப் பேரு வாயில நொழையாது ஏவாரி. ராசாத்தின்னே சொல்லு."

அதிலிருந்து ராசாத்திதான்.

ராசாத்தி தப்பும் தவறுமாகப் பேசிய ருஷ்ய மொழியை அவள் மாமியார் விருந்தாளிகளுக்கு முன்னால் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தாள் என்று சொன்னபோது, செல்லக்கிளி என்கிற வாயாடிப் பெண், "எங்க மாமியாளுக்குக் கூடப் பொறந்தவளா இருப்பா போலயே!" என்றாள். பிரபு சீட்டாட்டத்தில் ஒரு கிராமத்தையே தோற்றுவிட்டு வந்த இடத்தில், "ஊரு சனத்தோடயா தோத்தான்?" என்று எல்லோரும் வாயைப் பொத்தினார்கள்.

பிறகு அந்த அண்ணன் கதை. ராசாத்தியின் அண்ணன் ஒரே ஒரு முறை அவளைப் பார்க்க வந்தான். பழைய வண்டி. சாயம் போன கோட்டு. அன்றைக்கு மாளிகையில் விருந்து. அவன் தங்கச்சிக்கு என்று கொண்டுவந்த கம்பளிப் போர்வையை எடுத்து யாரோ எல்லோருக்கும் காட்டினார்கள். சிரித்தார்கள். ராசாத்தியும்... கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள். விடிவதற்குள் அவன் போய்விட்டான். அப்புறம் வரவே இல்லை.

அன்றைக்கு ஒரு சேலைகூட விற்கவில்லை. எழுந்து போனவர்கள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. செல்லக்கிளி மட்டும் மூட்டை கட்ட உதவினாள்.

"ஏவாரி அண்ணே, அவளச் சாகடிச்சிராதீக. அவ செத்தா ஒங்க ஏவாரமும் படுத்துரும்."

ஆனால் புத்தகம் முடிந்துதான் ஆக வேண்டும். ஒரு பனிக்காலத்தில், பெரிய வீட்டின் கடைசி அறையில், ராசாத்தி செத்துப் போனாள். பிள்ளை இல்லை. குழி தோண்டப் போனால் தரை கல்லாய் உறைந்திருந்தது. கடப்பாரை இறங்கவில்லை. பெட்டியைக் கோயில் பின்னறையில் வைத்துப் பூட்டினார்கள். பனி உருகி மண் இளகுகிற வரைக்கும்... மாசக்கணக்காக... அவள் அங்கேயே கிடந்தாள்.

ஊருணிக்கரையில் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். தங்கத்தாய்தான் கடைசியில் கேட்டாள்.

"பொறந்த வீட்டுக் கோடி வந்துச்சா?"

கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். அதுதான் கோடி. அதைப் போர்த்தித்தான் தூக்குவார்கள். எவ்வளவு பெரிய இடத்தில் வாழ்ந்தவளாக இருந்தாலும், கடைசித் துணி அண்ணன் தம்பி கையால் வந்ததாக இருக்க வேண்டும்.

"அந்தச் சீமையில அப்படிப் பழக்கம் இல்ல ஆத்தா," என்றார் பால்ச்சாமி.

"பழக்கம் இல்லாட்டி? அவளுக்குக் குளுராதா?"



அந்தப் பெண்கள் அங்கேயே, அந்த மரத்தடியிலேயே, மடியில் இருந்ததை எல்லாம் சேர்த்துப் போட்டார்கள். மூட்டையை அவர்களே பிரித்தார்கள். அதில் இருந்ததிலேயே உசத்தி ஒரு சேலை. மயில் கழுத்து நிறம். அரக்குக் கரை. யாரும் எடுக்க முடியாமல் மாசக்கணக்காக மூட்டையிலேயே சுற்றி வந்தது. ராஜா வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் என்று முடிவு செய்தார்கள். தங்கத்தாய் முந்தானை நுனியில் மஞ்சள் தடவி, அவர் கையில் வைத்தாள்.

"சாவுச் சேதி கொண்டாந்தது நீதேன். அதனால நீதேன் அவளுக்கு அண்ணன். திருச்சுழிக்குப் போறப்ப குண்டாத்துல விட்டுரு. விடுறப்ப அவ பேரச் சொல்லு."

செல்லக்கிளி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, திருச்சுழியில் தங்கச்சிக்கு வளைகாப்பு.

பால்ச்சாமி விடியற்காலையிலேயே குண்டாற்றுக்குப் போய்விட்டார். சித்திரை மாதத்துக் குண்டாற்றில் மணல்தான் ஓடும். ஒரு கை தண்ணீர் இல்லை. எதில் விடுவது? மணலில் உட்கார்ந்து இரண்டு சேலைகளையும் மடியில் வைத்துப் பார்த்தார். ஒன்று கோடி. மற்றொன்று தங்கச்சிக்கு என்று எடுத்து வைத்திருந்த நூல் சேலை. காலை வெளிச்சத்தில் அந்த நூல் சேலை ரொம்பச் சாதாரணமாக இருந்தது. கல்யாணத்தின்போது அவர் எடுத்துக்கொடுத்த சேலையைச் தங்கச்சியின் மாமியார் சந்தனம்மாள் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "வெங்காயத் தோலு கணக்கா இருக்கே" என்றாளே... அது ஞாபகம் வந்தது. கூட்டம் சிரித்தது ஞாபகம் வந்தது. தங்கச்சி தலை குனிந்தது ஞாபகம் வந்தது.

'புத்தகத்தில் வந்தவள்தானே' என்று நினைத்தாராம். 'தாளில் இருக்கிறவளுக்கு எதற்குத் துணி?'

கோடிக்கும் முந்தானையில் மஞ்சள்தான். சீருக்கும் முந்தானையில் மஞ்சள்தான். பார்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

வளைகாப்பில் சந்தனம்மாள் அந்தச் சேலையைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

"பரவால்லையே தம்பி. இந்தத் தடவ கண்ணத் தொறந்து எடுத்தீகளாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. குருவம்மாள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையும் வளையலோடு, அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். வயிற்றில் பிள்ளை அசைந்ததோ என்னவோ, முகம் மலர்ந்தது. பால்ச்சாமிக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை.

பேறுகாலத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதுதான் முறை. சந்தனம்மாள் அனுப்பவில்லை. "ஆம்பள ஒண்டியாக் கெடக்குற வீட்டுல வாயும் வயிறுமா இருக்குறவள எப்படி விடுறது?" என்றாள். நியாயம்தான். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் பரளச்சி. தங்கத்தாய் முதலில் கேட்டதே அதுதான்.

"விட்டியா?"

"விட்டுட்டேன் ஆத்தா."

"பேரச் சொன்னியா?"

"சொன்னேன்."

அவள் அவர் தலையைத் தொட்டு, நல்லா இரு என்றாள். அங்கே நிற்க முடியாமல் வேகமாகக் கிளம்பினார். அன்றைக்குத்தான்... நான் முதலில் சொன்ன பாதை. பகல் பன்னிரண்டு மணி. முன்னால் போன அந்த முதுகு.

அவர் நின்றால் அவளும் நின்றாள். நடந்தால் நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எம்.ரெட்டியபட்டி டீக்கடை ரேடியோச் சத்தம் காதில் விழுந்ததும் குளிர் விட்டது. பாதையில் யாரும் இல்லை.

மறுநாளே தங்கச்சி வீட்டுக்கு ஓடினார். கையில் ஒரு புதுச் சேலை. குருவம்மாள் அதே மயில் கழுத்துச் சேலையைத்தான் கட்டியிருந்தாள்.

"அண்ணே, இது என்ன சேலைண்ணே! இந்த வெக்கைக்கு வயித்துப் புள்ளையோட எனக்கு மூச்சு முட்டுது. இதக் கட்டிக்கிட்டா ஒரு சொட்டு வேர்க்க மாட்டேங்குது. குளுகுளுன்னு இருக்கு. ராத்திரி தொவைச்சுப் போட்டு விடியமுன்ன கட்டிக்கிறேன்."

பால்ச்சாமி கையிலிருந்த புதுச் சேலையை நீட்டினார். அந்தச் சேலையில் ஓர் இழை பிசகு இருக்கிறது, மாற்றிக் கொடுக்கிறேன் என்று எப்படியோ சொன்னார். உள்ளேயிருந்து சந்தனம்மாள் குரல் வந்தது.

"சீரு குடுத்ததத் திருப்பிக் கேக்குற ஆள இப்பத்தேன் பாக்குறேன். ஊருல சொன்னா நம்புவாகளா?"

குருவம்மாளின் முகம் கறுத்தது. பால்ச்சாமி சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தார்.

வெளியே, எதிர்ச் சுவர் ஓரம், அவள் நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு. கைகள் அப்படியே. தெருவில் போகிறவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆடுகள் பார்த்தன. உச்சிவெயிலில் நிழலே இல்லாத அந்த இடத்தில், அவள் காலைச் சுற்றி, ஏழெட்டு ஆடுகள் சுகமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் அவர் எத்தனை தடவை அந்த வாசல் வரை போனார்... எத்தனை தடவை திரும்பினார்... உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வீட்டில் தங்கச்சி எப்படி நிமிர்ந்து நடப்பாள்? சொல்லாவிட்டால்... அதை நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகினார்.

ஒரு நாள் காலையில் ஆள் வந்து சொன்னான். குருவம்மாளுக்கு இரண்டு நாளாய் வயிற்றில் பிள்ளை அசையவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகக் கார் பிடித்திருக்கிறார்கள்.

பால்ச்சாமி போய்ச் சேர்ந்தபோது வாசலில் கார் நின்றது. முற்றம் நிறைய சொந்தக்காரர்கள். நடுவில் குருவம்மாள். வெளியே தார் உருகுகிற வெயில். அவளுக்குப் பல் தந்தியடித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிலையிலும் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சேலையக் கழட்டச் சொல்லுங்க," என்றார் பால்ச்சாமி. யாரும் காதில் வாங்கவில்லை. மறுபடி சொன்னார். "அது சீருக்கு எடுத்தது இல்ல. செத்தவளுக்கு எடுத்த கோடி."



"எந்தச் செத்தவளுக்கு?" என்றாள் சந்தனம்மாள்.

சொல்லித்தானே ஆக வேண்டும். அத்தனை பேர் முன்னால்.

"ருஷ்யாவுல... ஒரு ராசகுமாரி. பொஸ்தகத்துல படிச்சேன்."

கார் டிரைவர் பக்கென்று சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. பால்ச்சாமி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பரளச்சிப் பெண்கள், தங்கத்தாய், மணல் ஓடிய ஆறு, நூல் சேலை, பாதையில் போனவள், சுவர் ஓரம் நிற்கிறவள். சொல்லி முடிக்கிற வரை தலை நிமிரவில்லை.

குருவம்மாள் யார் தோளையும் பிடிக்காமல் உள்ளே போனாள். பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். மயில் கழுத்துச் சேலையை அவர் காலடியில் போட்டாள்.

"ஒரு நூல் சேலை எடுத்தாந்திருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

அவர் சேலையை எடுக்கக் குனிந்தார்.

"இவுக முன்னால நான் இனி எப்படிண்ணே மொகத்தக் காட்டுவேன்? போ. எனக்குப் பொறந்த வீடு இல்லன்னு நெனச்சுக்கிறேன்."

கார் மதுரைப் பக்கம் போனது. பால்ச்சாமி சேலையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் சுவர் ஓரம் நின்றாள். தெருவில் வைத்துக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவளும் ஒரு பெண்தானே... சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குண்டாற்றை நோக்கி நடந்தார். இந்தத் தடவை சர்ர்... சர்ர்... சத்தம் அவருக்குப் பின்னால் வந்தது.

ஆற்று மணலில் சைக்கிளை நிறுத்தினார். சேலையைக் கேரியரில் மடித்து வைத்தார். புத்தகத்தில் இருந்த அவளுடைய சொந்தப் பெயரை, பிறந்த வீட்டில் வைத்த பெயரை, ஒரு தடவை சொன்னார். பிறகு பத்தடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றார்.

சேலை உதறுகிற சத்தம் கேட்டது. அத்தனை தடவை துவைத்தும் போகாத புதுக் கஞ்சி மொடமொடப்பு. பிறகு தொப்பென்று மணலில் விழுகிற சத்தம். மறுபடி உதறல்... மறுபடி விழுந்தது. மறுபடி... மறுபடி... பிறகு ஒரு விசும்பல். கேட்டும் கேட்காத மாதிரி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுக்குச் சேலை கட்டத் தெரியாது.

திரும்பிப் பார்க்கக்கூடாது. தங்கச்சிக்கு மாற்றிக் கொடுக்க என்று அன்றைக்கும் கொண்டுவந்து தோளில் போட்டிருந்த அந்தப் புதுச் சேலை... பால்ச்சாமி அதைப் பிரித்தார். வேட்டிக்கு மேல் ஒரு நுனியைச் செருகினார். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் மொடமொடவென்று ஒரு சுற்று கேட்டது. கொசுவத்தை விரல்களுக்கு நடுவில் மடித்து, பின்னால் இருப்பவளுக்குத் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் தூக்கிக் காட்டினார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று... பின்னாலும் மடிப்புகள் விழுந்தன. செருகினார். முந்தானையைத் தோளில் போட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆற்றுக்குள் ஒரு மாட்டுவண்டி இறங்கியது. வண்டியில் இரண்டு பேர். அவர்கள் கண்ணுக்கு, உச்சிவெயிலில், நடு ஆற்றில், மீசை வைத்த ஓர் ஆள் தனியாக நின்று சேலை கட்டிக்கொண்டிருந்தான். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏலே, பொண்ணு யாருக்குடா?" என்று கத்தினார்கள். அன்றைக்கு ஒட்டிய பட்டப்பெயர் சாகிறவரை அவரை விடவில்லை. சேலைகட்டிப் பால்ச்சாமி.

அவர் நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, முந்தானையை எப்படி இடுப்பில் செருகுவது என்று கடைசி வரை காட்டி முடித்தார்.

பின்னால் சத்தம் நின்றது. குளிர் மெல்ல விலகியது. வெயில் வந்து முதுகில் அடித்தது.

"போயிட்டு வா தாயி," என்றார் பால்ச்சாமி.

தங்கச்சியைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற எந்த அண்ணனும் சொல்கிறதுதான். வாயில் தானாக வந்துவிட்டது.

காரியாபட்டி தாண்டும்போது காருக்குள் குருவம்மாள் வீலென்று கத்தினாளாம். பிள்ளை உதைத்தது. மதுரையில் பெண் குழந்தை பிறந்தது. சுபத்ரா என்று பேர் வைத்தார்கள். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவரும் போகவில்லை.

பால்ச்சாமி அந்த வாரமே பரளச்சிக்குப் போய், வேப்பமரத்தடியில், எல்லாப் பெண்கள் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். ஏச்சுக்குத் தயாராகத்தான் போனார். செல்லக்கிளி ஏசினாள்; ஏசிவிட்டு அழுதாள். கடைசியில் தங்கத்தாய் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னன்னு சொல்லி அனுப்புன?"

"போயிட்டு வா தாயின்னு சொன்னேன் ஆத்தா."

தங்கத்தாய் எழுந்துவிட்டாள். சாவு வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். சொல்லாமல்தான் கிளம்புவார்கள்.

"செத்தவளப் பாத்து 'வா'ன்னா சொன்ன?" என்றாள். அப்புறம், தணிந்த குரலில், "சரி... கூப்புட்டது கூப்புட்டாச்சு. வந்தா மொகம் சுளிச்சிராத. அண்ணன் வீடு அது அவளுக்கு."

அதற்குப் பிறகு பால்ச்சாமி எங்கே வியாபாரத்துக்குப் போயிருந்தாலும் உச்சிப் பொழுதுக்கு அருப்புக்கோட்டைக்குத் திரும்பிவிடுவார். அறைக் கதவை விரியத் திறந்து வைப்பார். தான் வாசல் ஓரமாக ஒதுங்கி உட்காருவார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்த வரிசையில் குடியிருந்த பிள்ளைகள் கோடை லீவில் அவர் வாசலில்தான் விளையாடுவார்களாம். அங்கே மட்டும் சுடாது.

குருவம்மாள் வரவில்லை. ஒரு தீபாவளிக்கும் இல்லை. மாமியாரோடு வாய்ச்சண்டை வரும்போதெல்லாம், "பொணத்துக்கு எடுத்ததக் கட்டிப் பாத்தவதான நீ" என்ற பேச்சு வரும். அதற்கு மேல் அவளால் வாயைத் திறக்க முடியாது. அந்த வெட்கம் கோபமாக இறுகிவிட்டது. பதினோரு வருஷம்.

தொண்ணூற்று மூன்றில், இதே மாதிரி ஒரு சித்திரையில், பால்ச்சாமி தூக்கத்திலேயே போய்விட்டார். திருச்சுழிக்குத் தகவல் போனது. குருவம்மாள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் சந்தனம்மாளே வந்து கையைப் பிடித்துத் தூக்கினாள். "கெளம்புடி. நானும் வாரேன்."

அவர்கள் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் குருவம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாரு தாயி?"

"தங்கச்சி."

அந்தப் பெண் திரும்பி உள்ளே பார்த்தாள். மறுபடி குருவம்மாளைப் பார்த்தாள்.

"தங்கச்சியா? அப்ப காலையில இருந்து தலமாட்டுல உக்காந்து அழுகுறவுக...?"

உள்ளே பாயைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில், தலைமாட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. கூடப் பிறந்தவள் உட்கார வேண்டிய இடம். அவ்வளவு நெருக்கடியிலும் யாரும் அங்கே நகர்ந்து உட்காரவில்லை.

சந்தனம்மாளுக்கு முழங்கால் வலி. இடத்தைப் பார்த்ததும் அங்கே போய்க் கையை ஊன்றினாள். குருவம்மாள் ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"அத்தே... அங்க வேண்டாம். ஆளு இருக்காக."

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள். ஊன்றிய கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கால்மாட்டில் போய் உட்கார்ந்தார்கள். ரொம்ப நேரம் குருவம்மாளால் அண்ணனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒரு தடவை, முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினாள். அப்போதுதான் கவனித்தாளாம்.

அவர் தலைக்குத் தலையணை வைத்திருக்கவில்லை. தலை பாயிலும் படவில்லை. யாரோ மடியில் எடுத்து வைத்துக்கொண்ட மாதிரி... ஒரு சாண் உயரத்தில்... இருந்தது.